பதினோரு நாள் முந்திவிட்ட கல்யாணம்

வியாழக்கிழமை மத்தியானம் செம்பனைக் குலைகளை ஆலையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், லோரியின் வானொலியில்தான் செல்லன் அதைக் கேட்டார். ஏணிக் கட்சியும் குடைக் கட்சியும் கூட்டுச் சேர்ந்து ஆட்சி அமைக்கின்றன. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் நாட்டு நலன் கருதி இந்த முடிவாம். இரண்டு தரப்பினரும் பழையதை மறந்துவிட்டார்களாம்.

செல்லன் லோரியைச் சாலையோரமாக நிறுத்திவிட்டுக் கைப்பேசியைத் திறந்தார். அதற்குள் காணொளியே வந்துவிட்டிருந்தது. ஏணித் தலைவரும் குடைத் தலைவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக் கொடுக்கிறார். சுற்றி நிற்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், ஏதோ காணாமல் போன பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி.

பழையதை மறந்துவிட்டார்களாமே, எவ்வளவு பழையது? போன சனிக்கிழமை ஓட்டுப் போட்டபோது தடவிய மை இன்னும் செல்லனின் விரலை விட்டுப் போகவில்லை. அந்த விரலைச் சட்டையில் அழுத்தித் தேய்த்தார். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்தான். செல்லன் அவனையும் சேர்த்துத் திட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

கோல சிலாங்கூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஏணிச் செல்லன் என்றால்தான் அவரைத் தெரியும். பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கட்சிக்குக் கொடி கட்டியவர். பழைய தோட்டத்தை விற்று லய வீடுகளை இடித்தபோது, எல்லாருக்கும் வீடு வாங்கித் தருகிறோம் என்று மாலை போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் குடைக்காரர்கள். படம் நன்றாக வந்தது, வீடு வரவில்லை. அன்றைக்குப் பிடித்த கோபம்தான் செல்லனை ஏணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதில் சங்கடம் என்னவென்றால், அவருடைய ஒரே தங்கை புஷ்பவள்ளியின் புருஷன் புனிதன், ஜெராமில் குடைக் கட்சியின் கிளைத் தலைவர். மீன் லோரிகளுக்கு ஐஸ் விற்கிறவர். குளிர்ச்சியான தொழில், சூடான வாய். தீபாவளிக்கு மச்சான்கள் இருவரும் ஒரே இலைப் பந்தியில் உட்கார்ந்து குழம்பு ஊற்றும்போது சண்டையைத் தொடங்குவார்கள், மோர் வருவதற்குள் முடித்துவிடுவார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்தத் தேர்தலில்தான் அது எல்லை மீறியது. பிரச்சாரத்தின் முதல் வாரத்தில் நடந்த ஒரு செராமாவில், மழையில் நனைந்துகொண்டே அறுநூறு பேர் நின்ற கூட்டத்தில், ஏணிக் கட்சியின் கிளைச் செயலாளர் ஜூலியஸ், செல்லன் கையில் மைக்கைக் கொடுத்தான். வீடு வாங்கிவிற்கும் தொழில் செய்கிற இளைஞன். பேசத் தெரிந்தவன், பேச வைக்கவும் தெரிந்தவன். "அண்ணே, கொஞ்சம் சூடா பேசுங்க" என்றான். செல்லன் சூடாகவே பேசினார். "குடைக்காரன் உட்கார்ற மேடையில என் காலு படாது! அது எந்த மேடையா இருந்தாலும் சரி!" என்று முழங்கினார். கைதட்டல் ஓய ஒரு நிமிடம் பிடித்தது. காணொளி அன்றிரவே எல்லாத் தோட்டத்து வாட்சப் குழுக்களிலும் சுற்றியது.

புனிதனும் அதைப் பார்த்தார். அவருடைய மகள் தனேஸ்வரியின் கல்யாணம் வாக்களிப்புக்கு ஆறு நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஆறு மாதத்துக்கு முன்பே குறித்த தேதி, தேர்தல்தான் வந்து குறுக்கே விழுந்தது. புஞ்சாக் ஆலாமில் மண்டபம் எடுத்திருந்தார்கள். குடை வேட்பாளரைக் கல்யாணத்துக்கு அழைத்து, மணமேடையிலேயே நாற்காலி போடப்போவதாகப் புனிதன் சொல்லி அனுப்பினார். வீம்புக்குத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. செல்லன் தன் மனைவி கலாவதியைத் தூது அனுப்பினார். ஆள் வரட்டும், ஆனால் கீழே முதல் வரிசையில் உட்காரட்டும் என்று கேட்டுப் பார்த்தார். சபைக்கு வருகிறவரைக் கீழே உட்கார வைக்க முடியாது என்று பதில் வந்தது.

தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்குமா? நடக்கும். ஆனால் அது எப்படி நடக்கும் என்பதுதான் விஷயம். பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். தனேஸ்வரி பிறந்தபோது அவளுக்கு முதல் சட்டை எடுத்தவர் செல்லன். சமைந்தபோது பச்சை ஓலையில் குடிசை கட்டியவரும் அவர்தான். மாமன் சேலையைக் கிள்ளான் வரை போய் இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கி வைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஜூலியஸ் வந்தான். "அண்ணே, நீங்க அந்த மேடையில ஏறினா பத்து நிமிஷத்துல ஃபேஸ்புக்குல வந்துரும். நீங்க கையில வச்சிருக்கிற நாப்பது வீட்டு ஓட்டும் போச்சு. ஒரு நாள்தாண்ணே. எலெக்‌ஷன் முடியட்டும், தங்கச்சிகிட்ட நானே வந்து பேசுறேன்."

செல்லன் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் கட்சியின் தேர்தல் அறையில் துண்டுப் பிரசுரம் மடித்தார். மண்டபம் அங்கிருந்து அரை மணி நேரத் தூரம்.

கலாவதி மட்டும் போனாள். திரும்பி வந்து, சேலை மாற்றாமலே எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "முகூர்த்தத்துக்கு இருவது நிமிஷம் இருக்கும்போதுகூட புள்ளை வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஐயர் அவசரப்படுத்துறாரு. கடைசியில செகிஞ்சான்ல இருந்து வந்த உங்க ஒண்ணுவிட்ட தம்பியைக் கூப்புட்டு மாலையைப் போடச் சொன்னாங்க. புள்ளை அவரைப் பாத்ததே ரெண்டு தடவதான். அவரு கையைப் புடிச்சுக்கிட்டுப் போச்சு." சொல்லிவிட்டு மாமன் சேலைப் பையை மேசைமேல் வைத்தாள். புஷ்பவள்ளி பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குடை வேட்பாளர் அந்தக் கல்யாணத்துக்கு வரவே இல்லை. வேறு ஊரில் கூட்டமாம். மணமேடையில் அவருக்குப் போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது.

சனிக்கிழமை தேர்தல், அடுத்த வியாழக்கிழமை கூட்டணி. கல்யாணத்துக்கும் கட்டிப்பிடிப்புக்கும் நடுவில் பதினோரு நாள். கல்யாணம் இரண்டு வாரம் தள்ளிப் போயிருந்தால் செல்லன் ராஜா மாதிரிப் போய் நின்றிருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இதை நினைத்தபோதெல்லாம் அவருக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது, தன்னையும் சேர்த்து.

லோரியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது கலாவதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் செய்தி தெரிந்திருந்தது.

"இனிமே தங்கச்சி வீட்டுக்குப் போலாங்களா? கட்சி பெர்மிஷன் குடுத்துருச்சில்ல?" என்று கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அந்தக் கேள்வி உறைத்த உறைப்பில் செல்லன் சாப்பிடாமல் டீக்கடைக்குப் போனார். கடையில் அதைவிட மோசம். சிலர் பரவாயில்லை என்றார்கள். சண்டை ஓய்ந்தால் சரி, விலைவாசியைக் குறைக்கட்டும் என்றார்கள். தோட்டத்தில் புல் வெட்டுகிற நல்லம்மாள் மட்டும் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"வீட்டு வாசல்ல வந்து என்னாண்ணே சொன்னீங்க? குடைக்கு ஒரு ஓட்டுகூடப் போகக் கூடாதுன்னு சொன்னீங்க. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். எம் மருமவன் மோட்டார்ல ஏத்திக்கிட்டுப் போய் எறக்கிவிட்டாரு. ரெண்டு மணி நேரம் லைன்ல நின்னேன். நான் போட்ட ஓட்டு இப்ப யாருகிட்டண்ணே இருக்கு?"

நாற்பது வீட்டுக்கும் அவர்தான் போய்ச் சொன்னார். நாற்பது வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஹோட்டலில் உட்கார்ந்து மந்திரி பதவி பங்கு போடுகிறவன் எவனும் நல்லம்மாளிடம் வந்து நிற்கப்போவதில்லை. "எனக்கே தெரியலம்மா" என்றார் செல்லன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஜூலியஸ் அடுத்த வாரம் வந்தான். பழையபடி சிரித்த முகம். ஜெராம் பொது மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு கட்சியும் சேர்ந்து ஒற்றுமை விருந்து வைக்கிறார்கள், பிரியாணி, முந்நூறு பேர் என்றான்.

"அண்ணே, நம்பர் பத்தல. அவங்க இல்லாட்டி நாம எதிர்க்கட்சியிலதான் உக்காரணும். பொலிட்டிக்ஸ்ல இதெல்லாம் நார்மல் லா."

"நம்பர் பத்தலன்னா எனக்குப் புரியும் தம்பி. நான் லோரி ஓட்டுறவன்தான், முட்டாள் இல்ல. யாரு கூட வேணும்னாலும் சேந்துக்குங்க. ஆனா அஞ்சு நாள்ல சேரக்கூடிய ஆளுங்க எதுக்குடா எங்களை இப்பிடி அடிச்சுக்க விட்டீங்க? உங்களுக்குள்ள இல்லாத பகையை எங்க வீட்டுக்குள்ள எதுக்குடா கொண்டாந்து வச்சீங்க?"

"அப்ப யாருக்கும் இப்பிடி ஆகும்னு தெரியாதுண்ணே."

"தங்கச்சிகிட்ட நானே வந்து பேசுறேன்னியே. பேசினியா?"

ஜூலியஸ் கைப்பேசியைப் பார்த்தான். "அதுக்குத்தாண்ணே வந்தேன். விருந்துல நீங்களும் புனிதன் அண்ணனும் மேடையில கட்டிப் புடிச்சீங்கன்னா எல்லாம் சரியாயிரும். மச்சானும் மச்சானும் சேந்துட்டாங்கன்னு ஸ்டோரி சூப்பரா இருக்கும். மேல இருந்தே கேட்டாங்க."

செல்லன் அவனை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம். வர மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பிறகு மனதில் ஒன்று தோன்றியது. "மைக்கு குடுப்பியா?" என்று கேட்டார். ஜூலியஸுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "உங்களுக்கு இல்லாததாண்ணே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் ஏணிக் கொடியையும் குடைக் கொடியையும் ஒரே கம்பத்தில் கட்டியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருவர் கொடியை ஒருவர் கிழித்துச் சாக்கடையில் போட்ட அதே ஆட்கள்தான் இப்போது ஏணிபோட்டு ஏறிக் கட்டினார்கள் என்று யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள். செல்லனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடைக்குப் பக்கத்தில் புனிதன் நின்றுகொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். 

"உன்னையும் கட்டிப் புடிக்கச் சொன்னாங்களா மச்சான்?" என்று கேட்டார் செல்லன்.

"சொன்னாங்க. எங்காளு போன் போட்டாரு. கல்யாணத்துக்கு வர முடியலன்னு ஒரு போன் போடாத மனுஷன், இதுக்குப் போட்டாரு." புனிதன் குரலைத் தாழ்த்தினார். "நீ வரலன்னு புஷ்பா மூணு நாளு சரியா சாப்பிடல. நாந்தான் நாக்காலி போட்டு எல்லாத்தையும் கெடுத்தேன்னு எங்கிட்டயும் பேசல. இன்னும் பேசல."

 இந்த மனிதன்மேல் செல்லன் இத்தனை நாள் வைத்திருந்த கோபம் அந்த நிமிடமே இறங்கிப் போயிற்று. இறங்கியது எல்லாம் மேடைமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். குடைக்காரர்கள் நால்வர் உட்கார்ந்திருந்த மேடையில் செல்லனின் கால் பட்டது. மைக்கை வாங்கினார்.

"என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. ஒத்துமையைப் பத்தி. இங்க உக்காந்திருக்கிற பெரியவங்களுக்கு ஒரு கேள்வி. நீங்க சண்டை போட்டீங்க, இப்ப சேந்துட்டீங்க. ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு மந்திரி சபையில எடம் கெடைச்சுது. எங்களுக்கு என்னா கெடைச்சுது? எம் மருமவ கல்யாணத்துல நான் மாலை போட்டிருக்கணும். போடல. உங்க ஆளு உக்காருவாருன்னு போடல. அவரும் வரல. நீங்க அஞ்சு நாள்ல பழசை மறந்துட்டீங்க. அந்த ஞாயித்துக்கெழமையை எனக்கு யாராவது திருப்பித் தருவீங்களா? இனிமே எங்க வீட்டு வாசப்படிக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது, இவன் நல்லவன் அவன் கெட்டவன்னு சொல்லாதீங்க. நாளைக்கு இவன்கூட சேருவேனான்னு தெரியாது, அதனால நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டே இருங்கன்னு சொல்லுங்க. அதைச் சொல்ல உங்களுக்கு யோக்கியதை இருந்தா வாங்க!"

  பின் வரிசையில் நல்லம்மாள் எழுந்து கைதட்டினாள். அவளைப் பார்த்துப் பலரும் தட்டினார்கள். செல்லன் திரும்பிப் பார்த்தார். மேடையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களும் தட்டிக்கொண்டிருந்தார்கள்! ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். "மனத்தைத் தொட்ட உரை, உணர்ச்சிமிகு உரை" என்றார் அறிவிப்பாளர்.

திட்டினால் கோபப்படுகிறவனைத் திட்டலாம். கைதட்டுகிறவனை என்ன செய்வது? அதற்குள் ஜூலியஸ் மேடையேறி, புனிதனை இழுத்து வந்து, அவர் கையைச் செல்லனின் கையில் வைத்து அழுத்தினான். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். செல்லன் உதறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் மேடையை விட்டு இறங்கி நேராக வெளியே நடந்தார். பிரியாணிப் பொட்டலத்தை நீட்டிய பெண்ணைத் தாண்டி, காரை எடுத்து, எங்கே போகிறோம் என்றுகூட யோசிக்காமல் ஓட்டினார். கார் புஷ்பவள்ளி வீட்டின் முன்னால் போய் நின்றது. மண்டபத்திலிருந்து ஐந்து நிமிடம்தான். ஒரு மாதமாக அவர் வராத வீடு.

புஷ்பவள்ளி இரும்புக் கேட்டுக்கு உள்ளே கையில் கைப்பேசியுடன் நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"புஷ்பா, எல்லாத்தையும் மேடையிலயே கேட்டுட்டேம்மா. ஒருத்தனையும் விடல. மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன்" என்றார் செல்லன் மூச்சு வாங்க.

"பாத்தேன். லைவ்ல போட்டாங்க." கைப்பேசியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவரும் புனிதனும் கைகோத்து நிற்கும் படம். மேலே ஏணியும் குடையும். 'உறவுகள் இணைந்தன' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "போட்டோ நல்லா வந்திருக்கு."

"அது அவனுங்க செஞ்ச வேலம்மா. நான் அதுக்குப் போகல. உனக்காகத்தான், நடந்த அநியாயத்தைக் கேக்கத்தான் போனேன். இனிமே கட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

 அவள் குரல் உயரவில்லை.

"தனேசு கேட்டுச்சு, மாமாவுக்கு எம்மேல என்னம்மா கோவம்னு. கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, கட்சின்னு சொன்னேன். கோவமா இருந்திருந்தாக்கூட பரவாயில்லம்மான்னு சொல்லுச்சு."

செல்லன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குக் கட்சி சொல்லுச்சுன்னு வராம இருந்த. இன்னிக்குக் கட்சி மேல கோவம், அதனால வந்து நிக்கிற. எனக்காக எப்பண்ணே வருவ?"

 உனக்காகத்தான் வந்தேன் என்று சொல்லச் செல்லன் நினைத்தார். அது உண்மையா என்று தனக்குள்ளேயே ஒருமுறை கேட்டுப் பார்த்தார். விருந்தில் அவர்கள் கைதட்டாமல், அவர்மேல் கோபப்பட்டு வெளியே அனுப்பியிருந்தால், இந்நேரம் அவர் கடையில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அது அவருக்கே தெரிந்தது.

புஷ்பவள்ளி பதிலுக்காக நிற்கத்தான் செய்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்துக் கைப்பேசியை அணைத்தாள்.

"அண்ணியை வரச் சொல்லு. அது மட்டும் வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.